பழைய படகு வாங்கியாச்சு, இன்ஜின் மக்கர் பண்ணுது: கேள்வி பதில்

செகண்ட் ஹேண்டில் ஃபைபர் படகும், அதன் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினும் வாங்கியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இனி கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இன்ஜின் சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கோளாறு சூடான பிறகு வருகிறதா, வேகம் கூட்டும்போது வருகிறதா, ஆள் ஏறியதும் வருகிறதா என்று எழுதுங்கள். இன்ஜினைப் பிரிக்காமலே பாதி விடை அதில் கிடைத்துவிடும்.

தூத்துக்குடி: அண்ணா, 40 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. முழு வேகத்தில் கொஞ்ச தூரம் போனதும் திணறி அணைந்துவிடுகிறது. சிறிது நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணியும் பலனில்லை.

கார்புரேட்டரை இனித் தொடாதீர்கள் தம்பி. திணறி நின்று, சும்மா விட்டால் சரியாகிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு மூடிக் கிடக்கிறது, அல்லது உப்பு அடைத்திருக்கிறது. செலவே இல்லாத கோளாறு இது.

காற்று போகவில்லையா? ஹோஸ் நடுவில் இருக்கும் ரப்பர் கைப்பம்பைப் பாருங்கள். அது சப்பிப் போயிருந்தால் அடைப்பு டேங்குக்கும் கைப்பம்புக்கும் நடுவில். டேங்குக்குள் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். பழைய ஹோஸில் உள்பூச்சு உரிந்து, இழுக்கும்போது மட்டும் வழியை மறைப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும், அதனால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கைப்பம்பு சப்பாமல், கையால் அமுக்க அமுக்க இன்ஜின் உயிர் பெற்றால் ஃப்யூயல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ இணைப்பில் காற்று இழுக்கிறது.

இன்னொன்று முக்கியம். இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு வாரக்கணக்கில் கரையில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், இன்ஜின் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் மொத்தத்தையும் வெளியேற்றுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பன்: பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. அப்படியே ஓட்டலாமா?

ஓட்டவே கூடாது. இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் அது. முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு அந்தத் துளையில் தங்கூசி நரம்பை விட்டுக் குத்துங்கள். உப்பும் மணலும் அடைத்திருந்தால் அதிலேயே சரியாகும். ஆகவில்லை என்றால் கீழ்ப் பகுதியைக் கழற்றி, தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் பாருங்கள். ரப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக மடங்கி விறைத்திருந்தால் மாற்ற வேண்டும். இதழ் ஒன்று உடைந்திருந்தால் புது இம்பெல்லர் போட்டதோடு நிறுத்தாதீர்கள். உடைந்த துண்டைத் தேடி எடுங்கள், அது மேலே போகும் குழாயில்தான் சிக்கியிருக்கும். அப்புறம், சூடானதும் திறந்து தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.

விற்பவர்கள் பலர் கரையிலேயே "ஒரே ஒரு நிமிஷம்" தண்ணீரில்லாமல் முடுக்கிக் காட்டுகிறார்கள். இம்பெல்லர் கருகுவதற்கு அது போதும். அப்படிக் காட்டி விற்ற இன்ஜின் என்றால் வாங்கிய அன்றே இம்பெல்லரை மாற்றுவது நல்லது.

மன்னார்: அண்ணை, கைபிடியைத் திருக இரைச்சல்தான் கூடுது, படகு போகுதில்லை.

திரும்பும்போதும் அலையில் தூக்கும்போதும் மட்டும் அப்படி என்றால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டை பலகை, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். இன்ஜினை அந்த அளவுக்கு இறக்கிக் கட்டுங்கள்.

நேராகப் போகும்போதும் அப்படியே என்றால் புரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயின்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கரைக்கு வந்ததும் கோடு விலகியிருந்தால் சந்தேகமே இல்லை.

பழவேற்காடு: கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்து வருகிறது. ஆயில் மாற்றினால் போதுமா சார்?

போதாது. வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். மீன்பிடிப் படகு என்றால் வலை நரம்பு ஷாஃப்டில் சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்க அதிக வாய்ப்பு. சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் மறுபடி தண்ணீர் இறங்கி, பேரிங்கும் கியரும் துருப்பிடிக்கும். ஆயில் துளைகளை மூடும் திருகுகளின் வாஷர்களையும் மாற்றுங்கள். ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும் வரை.

முல்லைத்தீவு: மண்ணெண்ணெய் இன்ஜின். விடியற்காலையில் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகுது.

முந்தின நாள் மண்ணெண்ணெயிலேயே அணைத்திருப்பீர்கள், ஆறிய இன்ஜினில் அது எளிதில் பற்றாது. கரை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

நாகை: ஃபோர் ஸ்ட்ரோக். மெக்கானிக் பார்த்து இன்ஜினில் குறையே இல்லை என்கிறார். ஆனால் முழுக்கத் திருகினாலும் 4200 ஆர்பிஎம்தான், படகு எழும்ப மாட்டேன் என்கிறது.

மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். படகைப் பாருங்கள். பழைய ஃபைபர் படகுகளில் அடித்தளத்துக்குள் அடைத்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தளத்தில் சிறு துளை போட்டு ஃபோமைக் கொஞ்சம் எடுத்துப் பிழிந்து பாருங்கள், பிறகு துளையை ரெசின் வைத்து அடைத்துவிடலாம். இன்ஜின் தொங்கும் பின்பலகையையும் சுத்தியலால் தட்டுங்கள். மொத்தென்ற சத்தம் வந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் கடலுக்குப் போகாதீர்கள். அடியில் சிப்பி, பாசி ஒட்டியிருந்தால் சுரண்டுங்கள்.

இவ்வளவும் சரி என்றால்தான் புரொப்பெல்லர் மாற்றும் பேச்சு. பல ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு முழு வேகத்தில் 5000 முதல் 6000 வேண்டும். பிட்ச், அதாவது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்பிஎம் கூடும். உங்களுக்குக் குறைவது 800க்கு மேல். அவ்வளவையும் பிட்ச் மட்டும் தின்றிருக்காது, அதனால்தான் முதலில் ஃபோமைப் பார்க்கச் சொன்னேன்.

கடலூர்: அடுத்த வாரம் ஒரு பழைய இன்ஜின் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க?

போனதும் கவரைத் திறந்து கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே முன்கூட்டி ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஆறட்டும் என்று காத்திருங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். சிலிண்டர்களுக்கு இடையே அழுத்த வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் விலை பேச வேண்டாம். கியர் ஆயிலைச் சில சொட்டு வெளியே எடுத்து, வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஆளும் சுமையும் ஏற்றி, தண்ணீரில் முழு வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.