பிரம்பு எட்டாத இடங்கள்

கேள்வி: பிரம்பைப் பறித்த நாளிலிருந்து பாடசாலைகள் கெட்டுப்போய்விட்டன. பையன்கள் மாவா என்ற புகையிலைக் கலவையை மெல்லுகிறார்கள். பெரிய வகுப்புக்காரர்கள் சின்னப் பிள்ளைகளிடம் காசு பறிக்கிறார்கள். கண்டித்தால் ஆசிரியர் மீதே பொலிஸில் முறைப்பாடு. அடிக்கும் அதிகாரத்தை ஆசிரியர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றப்போகிறது. உங்கள் பத்திரிகை ஆதரிக்குமா?
- தந்தை ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: ஆதரிக்காது.

நீங்கள் சொல்லும் சீர்கேடுகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை பிரம்பு போனதால் வந்தவை அல்ல; பிரம்பும் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. 2005ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் 23ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிக் கசையடித் தண்டனையை ஒழித்தது. குற்றவாளி என்று நீதிமன்றமே தீர்ப்பளித்தவனின் முதுகுக்கு ஒரு சட்டம் காவலாக வந்தது. அதே ஆண்டில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையின் முதுகுக்குக் கிடைத்தது கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை. 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்து உடல் ரீதியான தண்டனை கூடாது என்பதை மீண்டும் சொன்னது. ஒரு முறை சொன்னதை யாரும் கேட்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஏன் கேட்கவில்லை? சுற்றறிக்கை வரும்போது பழைய சட்டங்கள் அப்படியே இருந்தன. தன் மாணவனை நியாயமான அளவில் அடிக்கும் ஆசிரியர் குற்றம் புரிந்தவர் ஆகமாட்டார் என்று 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை உதாரணமே காட்டியது. 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையில் கைவைக்கவில்லை. 1995இல் சிறுவர்களைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 308அ பிரிவு தண்டனைச் சட்டக் கோவையில் சேர்ந்தது. ஆக, சட்டத்தின் ஒரு பக்கம் அடிக்கலாம் என்றது, இன்னொரு பக்கம் அடித்தால் சிறை என்றது, அமைச்சு கடிதம் அனுப்பியது. நடுவில் நின்றவர் நாற்பது பிள்ளைகளோடு தனியாக ஓர் ஆசிரியர். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரை அங்கே தனியாக நிறுத்தியவர்கள் மீதுதான் கோபம்.

அடித்தால் என்ன ஆகும் என்பதையும் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது: கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்துகையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது; ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாவும் அரசு ஐந்து இலட்சம் ரூபாவும் கொடுக்க வேண்டும். எந்தச் சங்கத்தின் தீர்மானமும் இதற்கு மேல் நிற்காது.

இனி மாவா விடயம். உங்கள் பையன் அதை வகுப்பறையில் தயாரிக்கவில்லை. வாசலுக்கு எதிரே யாரோ விற்கிறார்கள், யார் என்பது தெருவுக்கே தெரியும். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு விற்பவனிடம் போக வேண்டியவர்கள் போகவில்லை. பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான் என்பதற்காக அவன் உள்ளங்கையில் இரண்டு வைத்தால், விற்பவனுக்கு நாளைக்கும் வியாபாரம் நடக்கும்.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆலோசனை அறையை நான் பார்த்திருக்கிறேன். கதவில் பெயர்ப்பலகை அழகாக இருக்கிறது. உள்ளே இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய மூங்கில் கம்புகள், பழைய வினாத்தாள் கட்டுகள், கால் உடைந்த மேசை. பிள்ளையும் ஆசிரியரும் எதிரெதிரே உட்கார இரண்டு கதிரைகள் இல்லை. ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை முழு நேரமும் பாடம் நடத்துகிறார், பதில் வகுப்புக்கும் ஓடுகிறார். அந்தப் பிள்ளைகளின் துயரத்தை எந்தப் பாடவேளையில் கேட்பது? பிரம்பு வேண்டாம் என்று எழுதிய கை, அதற்குப் பதிலாக ஓர் ஆளை நியமிக்கும் கடிதத்தையும் எழுதியிருக்க வேண்டும்.

காசு பறிப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது நடப்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியும், வாய் திறக்கமாட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கொழும்பில் தமிழ் மொழிமூலம் முதலாம் தரத்துக்கு ஓர் இடம் எடுப்பதற்குள் ஒரு குடும்பம் படும் பாடு சிறிதல்ல. வாக்காளர் இடாப்பு, வாடகை ஒப்பந்தம், மின் கட்டணப் பட்டியல் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்து பெற்ற இடம் அது. அதிபரின் அறையில் "பாடசாலையின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் முடித்துக்கொள்வோம்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னால் போதும். பிள்ளையின் விடுகைப் பத்திரம் கண்முன் வந்து நிற்கும், தாய் எழுந்து போய்விடுவாள். அடிபட்ட பிள்ளைக்கும் இதே கதைதான். 1991இலேயே இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் அந்த அறைக்குள் வருவதே இல்லை. என் பார்வையில் நம் பாடசாலைகளின் பெரிய நோய் ஒழுக்கக் குறைவு அல்ல, இந்த மூடி மறைத்தல்தான்.

எனவே தீர்மானம் நிறைவேற்றுங்கள், வேறு தீர்மானமாக. வாசலில் விற்பவன் மீது சங்கத்தின் பெயரால் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பொலிஸ் நிலையத்தில் தமிழிலேயே கொடுக்கலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. ஆலோசனை ஆசிரியையின் பாடவேளைகளைக் குறைக்கும்படி வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். முறைப்பாடு செய்த எந்தப் பெற்றோரின் பிள்ளையும் பழிவாங்கப்படமாட்டாது என்று அதிபரைக் கூட்டத்தில் சொல்ல வையுங்கள், அதைக் கூட்ட அறிக்கையில் பதியுங்கள். சிறுவர் உதவிக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை அலுவலகத்தில் அல்ல, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள்: அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாத அவகாசமே உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. சமாதானம் பேசி நாளைக் கடத்துபவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். பெற்றோர்தான் அறியாமல் இருக்கிறார்கள்.