விசிட்டிங் கார்டு சேர்கிறது, ஆர்டர் வரவில்லை

கேள்வி: ஈரோட்டில் அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். தொழில்முனைவோர் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். கை நிறைய விசிட்டிங் கார்டுகள் சேர்கின்றன. ஆர்டர் மட்டும் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: அச்சகம் நடத்திய காலத்தில் எனக்கும் இதே வருத்தம் இருந்தது, தம்பி. அப்போது சுவிட்சர்லாந்தின் ‘வீர்’ அமைப்பைப் பற்றிப் படித்தேன். இன்றுவரை வியப்பு தீரவில்லை. 1934-ல், உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் கையில் காசு புழங்காத நேரத்தில், வெர்னர் சிம்மர்மன், பால் என்ஸ் ஆகியோர் தொடங்கியது அது. ஜெர்மன் மொழியில் வீர் என்றால் ‘நாம்’. உறுப்பினர்கள் தங்களுக்குள் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டார்கள். தச்சர் ஓட்டலுக்கு மேசை செய்தால் அவர் கணக்கில் வரவு ஏறும். அதை ரொக்கமாக மாற்ற முடியாது. இன்னொரு உறுப்பினரிடம்தான் செலவிட முடியும். அதனால் பெயின்டர் யார், தையல்காரர் யார் என்று தேடிப் போயே ஆக வேண்டும். ஒருவருக்கொருவர் அறிமுகமும் நெருக்கமும் அங்கேதான் பிறந்தன! இன்றும் அது வங்கியாக இயங்குகிறது.

நீங்கள் வங்கி தொடங்க வேண்டாம். நம்பிக்கையான நான்கைந்து பேரைச் சேருங்கள். உங்கள் இயந்திரம் எந்த நாட்களில் சும்மா நிற்கிறது, அவர்களுடைய வண்டி எப்போது காலியாகத் திரும்புகிறது என்று ஒரே நோட்டில் எழுதுங்கள். அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் வேலை செய்துகொடுத்து, வரவையும் பாக்கியையும் அதிலேயே குறியுங்கள். யாருக்கும் பாக்கி ஏறிக்கொண்டே போகாதபடி உச்சவரம்பு வையுங்கள். இதில் தாட்சண்யம் கூடாது. பண்டமாற்றாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. உண்டு, உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.