மழைக்குப் பயப்படும் அம்மாவிடம் எதை ஏற்கச் சொல்வது?

அன்பின் அக்கா,

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஆக்ட் (ACT) என்ற, ஏற்பையும் செயலுறுதியையும் பழக்கும் உளச்சிகிச்சை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுப் பயிற்சிக்கும் போய் வந்தேன். அதன் ஆறு திறன்களையும் காட்டும், ஆறு மூலை கொண்ட அந்தப் படத்தை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் ஆள் முன்னால் வந்து உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வருகிறார். மண்சரிவில் உறவினரைப் பறிகொடுத்தவர். மழை பிடித்தால் இரவெல்லாம் டார்ச் அடித்து, தான் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு)ப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் மலைக்கு வேலைக்குப் போகமாட்டார். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மகளையும் பள்ளிக்கு விடமாட்டார். பயத்தை ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள் என்றேன். "எங்க தாத்தா காலத்திலேயிருந்து பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கோம், இன்னும் எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இதைத் தாதிமாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள். எப்படி எளிமையாக்குவது?

அன்பின் தம்பி,

அந்த அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல முடிந்தால் தாதிமாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

முதலில் அந்த மண்மேட்டைப் பற்றிக் கேளுங்கள். வெடிப்பு இருக்கிறதா, ஊற்று புதிதாகக் கிளம்பியிருக்கிறதா, மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறதா, எச்சரிக்கை வந்தால் எங்கே போவதென்று குடும்பத்துக்குத் தெரியுமா? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. நம் மலைநாட்டில் மழைப் பயம் பல வீடுகளில் நியாயமான பயம். அதை நோய் என்று வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கினால் அந்த அம்மாவுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். கிராம சேவகரிடம் பேச வேண்டியிருந்தால் அவரோடு சேர்ந்து பேசுங்கள். அதுவும் சிகிச்சையில் சேர்த்திதான்.

இந்தச் சிகிச்சை ஏற்கச் சொல்வது உள்ளே நடப்பதை மட்டுமே. நெஞ்சு இறுகுவது, கண்ணுக்குள் ஓடும் படங்கள், "இன்னைக்குத்தான் விழப்போகுது" என்ற எண்ணம், இவற்றை. வெடித்த சுவர், பற்றாத சம்பளம், அடிக்கிற புருஷன் எதுவும் அதில் சேராது. அவற்றை மாற்ற முயல்வதற்குத் தெம்பு வேண்டுமே, அந்தத் தெம்பெல்லாம் பயத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துவிடக் கூடாது. உள்ளே வருவதற்கு இடம் விடச் சொல்வது அதற்காகத்தான். தாதிமாருக்கு வேறெதையும் சொல்ல நேரமில்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த ஆறு மூலை. 1980களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் வளர்த்தெடுத்த முறை இது. அவரும் கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் இருவரும் சேர்ந்து 1999இல் நூலாக்கினார்கள். பிறகு அதே ஸ்ட்ரோசால், பற்றீசியா ரொபின்சனோடு சேர்ந்து, சில நிமிடமே கிடைக்கும் சாதாரண கிளினிக்குகளுக்காக இதைச் சுருக்கினார். ஆறும் மூன்றாயின: உள்ளே வருவதற்கு இடம் விடுவது, இப்போது நடப்பதைக் கவனிப்பது, முக்கியமானதைச் செய்வது. தொடங்குவதற்கு நான்கு கேள்விகள். என்ன வேண்டுமென்று வந்தீர்கள்? அதற்காக இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? அது பலித்ததா? அதனால் எதையெல்லாம் இழந்தீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியில் அவசரப்படாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்ததில் பயம் அந்த நிமிடம் அடங்கியிருக்கும், அடுத்த தூறலில் திரும்பியிருக்கும். போனது பேர் (அன்றைய நாட்சம்பளம்), போனது தூக்கம், போனது மகளின் படிப்பு. இதை நீங்கள் கணக்குப் போட்டுக் காட்டினால் குற்றம் சாட்டுவது போலாகிவிடும். அவர் வாயால் வரட்டும், நீங்கள் பேசாமல் இருங்கள். மகளைப் பற்றி அவர் குரல் மாறும்போது "பிள்ளை என்னவாகணும்னு நினைக்கிறீங்க அம்மா?" என்று கேளுங்கள். விழுமியம் என்று நாம் பெரிதாகச் சொல்வது அந்தப் பதிலில் இருக்கும். நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குவேன். எதற்காக என்று தெரியாமல் யாரும் பயத்துக்கு இடம் விடமாட்டார்கள்.

எண்ணத்திலிருந்து விலகி நிற்பதைப் பாடமாக நடத்த வேண்டாம். "லயம் விழப்போகுது" என்கிறாரா, "லயம் விழப்போகுதுன்னு மனசு சொல்லுது" என்று ஒருதரம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சொன்னபின் சிவப்பு எச்சரிக்கை இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். இல்லையென்றால் காலைத் தரையில் ஊன்றி, சிமெந்தின் குளிரைக் கவனித்து, மூச்சை மெதுவாக விட்டு, மகளுக்குச் சோறு கட்டலாம். பயமும் கூடவே இருக்கும். எண்ணங்கள் காய்கள், நாம் பலகை என்று பயிற்சியில் தந்த சதுரங்கப் பலகை உவமை இங்கே எடுபடாது. பஸ் உவமை எடுபடும்: பின்சீட்டில் பயம் என்ற பயணிகள் என்னதான் கத்தினாலும் ஸ்டியரிங் டிரைவர் கையில். மஸ்கெலியா வளைவுகளில் போய் வருகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தாதிமாரால் முடியுமா என்று தயங்க வேண்டாம். உகண்டாவில் தென்சூடான் அகதிப் பெண்களுக்கு இதே சிகிச்சையை வைத்து உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஐந்து அமர்வுப் பாடத்தை நடத்தியவர்கள் குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள்தான். பாடம் ஒலிப்பதிவாக ஓடியது. வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் அது போய்ச் சேரும். நீங்களும் உங்கள் குரலிலேயே, நம் பேச்சிலேயே ஒன்றைப் பதிந்து போனில் கொடுக்கலாம். ஆனால் சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் தாதிமார் இதை வைத்துக்கொண்டு தனியே சமாளிக்கக் கூடாது. அன்றைக்கே உளமருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்த முறை அந்த அம்மா வரும்போது, பயம் குறைந்ததா என்று முதலில் கேட்காதீர்கள். மழை நாளில் மகள் பள்ளிக்குப் போனாளா, அவர் மலைக்குப் போனாரா, மண்மேட்டைப் பார்க்க யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா