மம்மிக்குக் கட்டுப் போடும் முன் கறி வெந்திருக்கட்டும்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். ஹாலோவீன் (அக்டோபர் 31) இரவுச் சாப்பாட்டுக்கு, பிள்ளைகளின் நண்பர்களையும் சேர்த்து எட்டுப் பேருக்கு, பஃப் பேஸ்ட்ரி சுற்றிய ‘மம்மி மீட்லோஃப்’ செய்கிறேன் (துணி சுற்றிய எகிப்திய மம்மி போல, மாவுப் பட்டைகள் சுற்றிய கைமா உருண்டை). மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம், அதனால் டர்க்கி கைமா. போன வருடம் மேல்மாவு கருகப் பார்த்தது, அடிமாவு களியாகக் கிடந்தது, நடுவில் கறி வேகவே இல்லை. எங்கே தவறு?

பதில்: பச்சைக் கறியின் மேல் மாவைச் சுற்றியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் அந்த மூன்று அறிகுறிகளும் அதைத்தான் சொல்கின்றன. பஃப் மாவுக்கு 400 டிகிரி பாரன்ஹீட்டில் அரை மணி நேரம் போதும். 2 பவுண்டு கைமா உருண்டைக்கு 350 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஓவனுக்குள் தள்ளினால் ஒன்று கருகும், இல்லாவிட்டால் இன்னொன்று வேகாது. போதாக்குறைக்கு, வேகும் கறி தண்ணீரும் கொழுப்பும் விடும். மாவின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ஈரம் ஆவியாகித் தூக்கினால்தான் பஃப் எழும்பும். கறிச்சாற்றில் ஊறிய மாவு எழும்பாது, அவிந்துதான் போகும். ஊர் பேக்கரி முட்டை பஃப்ஸை நினைத்துப் பாருங்கள். முட்டையை அவித்து, வெங்காயத்தைச் சுருள வதக்கித்தானே உள்ளே வைக்கிறார்கள்? பச்சை முட்டையை யாரும் உடைத்து ஊற்றுவதில்லை.

ஆகவே கறியை முதலில் முழுதாக வேகவைத்து, ஆறவிட்டு, ஈரம் துடைத்து, பிறகு மாவு சுற்றுங்கள். எட்டுப் பேருக்கு ஒரே பெரிய மம்மி வேண்டாம், இரண்டு சின்ன மம்மி செய்யுங்கள். குளிர்ந்த பெரிய உருண்டையின் நடுப்பகுதி சூடேறுவதற்குள் மேல்மாவு கருகிவிடும். சின்னதில் அந்தத் தொல்லை இல்லை. பஃப் மாவுப் பெட்டியிலும் பெரும்பாலும் இரண்டு தாள்கள்தான் இருக்கும், மம்மிக்கு ஒன்று.

அளவு இது. டர்க்கி கைமா 2 பவுண்டு. ஓரம் நீக்கிய மூன்று ரொட்டித் துண்டுகளை அரை கப் பாலில் ஊறவைத்து மசியுங்கள். கறி விடும் சாற்றைப் பிடித்து வைக்கப்போவது இந்த ரொட்டிதான், ‘எதற்கு’ என்று விட்டுவிடாதீர்கள். காளான் 8 அவுன்ஸ், பொடியாக நறுக்கித் தண்ணீர் வற்றும்வரை வதக்கியது. பெரிய வெங்காயம் ஒன்று, அதுவும் வதக்கி ஆறியது. வதக்காமல் போட்டால் அதுவும் தண்ணீர் விடும். முட்டை 2, உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன். மற்ற மசாலா உங்கள் இஷ்டம். விரல்களால் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் ரப்பராகிவிடும்.

இரண்டாகப் பிரித்து, 8 அங்குல நீளம், 2 அங்குல உயரத்தில் பிடியுங்கள். மம்மிக்குத் தலை வேண்டுமே என்று ஒரு முனையை மெலிதாக்காதீர்கள், அந்த இடம் வறண்டுபோகும். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் லேசாக அமுக்கினாலே உருவம் வந்துவிடும். ரொட்டி அச்சில் வைக்க வேண்டாம். அச்சுக்குள் கறி தன் கொழுப்பிலேயே மிதக்கும். ட்ரேயில் பார்ச்மென்ட் பேப்பர் (ஒட்டாத பேக்கிங் காகிதம்) விரித்து, 350 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் பேக் செய்யுங்கள்.

நிமிடக் கணக்கு உத்தேசம்தான். நடுக்கறியில் 165 டிகிரி காட்ட வேண்டும், கோழி, டர்க்கி கைமாவுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை வைத்திருக்கும் அளவு அது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டிலிருந்து நடுவரை செருகிப் பாருங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டும் இன்ஃப்ராரெட் கருவி மேல்தோலின் சூட்டைத்தான் சொல்லும், இங்கே அது உதவாது. ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்தால் 32 காட்டாத தெர்மாமீட்டரையும் நம்பாதீர்கள். ஓவன் ‘டிங்’ என்று கூவியதும் சூடாகிவிட்டது என்று நம்புவது இன்னொரு ஏமாற்று. பல ஓவன்களில் அந்தச் சத்தம் முன்கூட்டியே வந்துவிடும். இன்னும் 15 நிமிடம் விடுங்கள்.

ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் பயந்துபோய்க் கறியைக் காயவைக்கிறார்கள். டர்க்கி 165 டிகிரியைத் தொட்ட பிறகும் உள்ளே ரோஜா நிறம் தெரியலாம். அது வேகாததன் அடையாளம் அல்ல. ஓவனின் வாயுக்கள், கறியிலேயே இருக்கும் நிறமி, சேர்க்கும் காய்கறியில் இயற்கையாக உள்ள நைட்ரேட் என்று இதற்குக் காரணங்கள் பல. இதற்கு நேர்மாறாக, பழுப்பாகிவிட்ட கறி இன்னும் 165-ஐத் தொடாமலும் இருக்கலாம். ‘வெட்டிப் பார்த்தேன், நிறம் சரியாக இருந்தது’, ‘சாறு தெளிவாக வந்தது’ இரண்டும் அத்தாட்சி ஆகா. சிவப்பாகத் தெரிகிறதா, குத்திப் பாருங்கள். 165 இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லை என்றால், எவ்வளவு பழுப்பாக இருந்தாலும் மறுபடி உள்ளே தள்ளுங்கள்.

‘இன்று பாதி வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நாளை மாவோடு மீதியை வேகவைக்கலாமே’ என்று தோன்றும். கூடாது. அரைவேக்காட்டுச் சூட்டில் கிருமி சாகாது, செழிக்கும். முழுதாக வேகவைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, எப்படியும் 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரும்வரை மூட வேண்டாம், மேற்பரப்பு உலரட்டும். 30-ஆம் தேதி இரவே இதை முடித்துவிட்டால், மறுநாள் பிள்ளைகளோடு வீடு வீடாக மிட்டாய் வாங்கக் கிளம்பும் அவசரத்தில் பதற்றம் இருக்காது. சமையல் பக்கங்களில் ‘மொத்த நேரம் 45 நிமிடம்’ என்று போடுகிறார்கள். அதில் ஆறவைக்கும் நேரமும் இருக்காது, பஃப் மாவின் உறைவு நீங்கும் நேரமும் இருக்காது. எழுதியவர்கள் ஒருமுறையாவது செய்து பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

அக்டோபரில் கடைக்குப் போனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கறிக் கவுன்டரில் பச்சைக் கைமாவின் மேலேயே மாவைச் சுற்றி, ஆலிவ் கண்ணும் ஒட்டி, ‘ஓவனுக்குத் தயார்’ என்று விற்பார்கள். நீங்கள் போன வருடம் செய்த அதே தவறு, கூடுதல் விலையில். டர்க்கிப் பொட்டலத்தில் ‘ஹார்மோன் சேர்க்கப்படவில்லை’ என்ற வரிக்காக ஒரு டாலர் அதிகம் கொடுக்காதீர்கள். இந்த நாட்டில் கோழி, டர்க்கிக்கு ஹார்மோன் கொடுக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. சட்டம் தடுத்த ஒன்றைச் செய்யவில்லை என்று பெருமை பேச அனுமதித்திருப்பதுதான் வேடிக்கை. நீங்கள் பார்க்க வேண்டியது கொழுப்பின் அளவு: 93/7 (93 சதவீதம் கறி, 7 சதவீதம் கொழுப்பு) என்று இருப்பதை எடுங்கள். 99 சதவீதம் கொழுப்பில்லாத நெஞ்சுக்கறி கைமா மரத்தூள் போல ஆகும். ‘மீட்லோஃப் மிக்ஸ்’ என்று உங்கள் பக்கத்துக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் மாடு, கன்று, பன்றி மூன்றும் கலந்தது. பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் வரும் ‘ஹாலோவீன் பார்ட்டி ட்ரே, ஹோம் மேட், ஸெல் (Zelle) வழியாகப் பணம் அனுப்பிவிடுங்கள்’ விளம்பரமும் உண்டு. பெரும்பாலான மாநிலங்களின் வீட்டு உணவுச் சட்டம் கேக், பிஸ்கட், ஜாமோடு நின்றுவிடும், கறிக்கு இடமில்லை. எந்த ஓவனில், எத்தனை டிகிரியில் வெந்தது, காரில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். குழு நடத்துபவருக்கு கமிஷன் போய்விடும், வயிற்று வலி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு. புகார் செய்யலாம் என்றால் நகராட்சி சுகாதாரத் துறை மாவட்டத்தைக் காட்டும், மாவட்டம் மாநிலத்தைக் காட்டும்.

இனி சுற்றும் வேலை. பஃப் மாவை முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் ஃபிலோ (காகிதம் போல மெல்லிய மாவுத் தாள்) பெட்டியை மாற்றி எடுத்துவிடாதீர்கள். டப்பாவில் வரும் கிரெஸன்ட் ரோல் மாவும் வேண்டாம், அது ஹாட்டாக் மம்மிக்குச் சரி, இதில் அடி வேகாது. தாளைச் சுண்டுவிரல் அகலத்தில் வெட்டுங்கள். தொட்டால் துவள்கிறதா, 10 நிமிடம் ஃப்ரீஸரில் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியின் மேல் உறைந்திருக்கும் கொழுப்பைச் சுரண்டி, காகிதத் துண்டால் ஒற்றியெடுங்கள். பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, முனைகளை அடியில் அரை அங்குலம் மட்டும் மடக்குங்கள். அடி முழுவதும் சுற்ற வேண்டாம். இழுத்துக் கட்டவும் வேண்டாம், மாவு சுருங்கும்போது அறுந்துபோகும். கண்ணுக்கு ஒரு இடைவெளி, நடுவிலும் ஆங்காங்கே இடைவெளி. ஆவி வெளியேற இவைதான் வழி. முழுதாக மூடிய உருவத்தைவிட மம்மி எளிது என்பதற்கும் இதுவே காரணம்.

முட்டை ஒன்றில் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் அடித்துப் பட்டைகளின் மேல் மட்டும் தடவுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. ஓவனின் கீழ்ப்பகுதியில் 400 டிகிரியில் சூடேறிய இரும்பு ட்ரேயின் மேல் பார்ச்மென்ட்டோடு நழுவவிடுங்கள். கண்ணாடி ட்ரே வேண்டாம். 30 முதல் 35 நிமிடம், நடுக்கறி மறுபடி 165 காட்ட வேண்டும். மேலே சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் தாளைத் தளர்வாகப் போடுங்கள்.

கெட்சப்பை உள்ளே தடவாதீர்கள். அதன் சர்க்கரை வழிந்து கருகும், மாவும் நனையும். ‘ரத்தம்’ வேண்டும் என்றால் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அவித்த முட்டையின் வெள்ளைக்கருவும் ஆலிவும் வைத்துக் கண்ணை ஓவனிலிருந்து எடுத்த பிறகே ஒட்டுங்கள். சர்க்கரைக் கண்கள் சூட்டில் உருகி ஓடும். 10 நிமிடம் பொறுத்து, பல்லுள்ள ரொட்டிக் கத்தியால் அறுத்து வெட்டுங்கள். சாதாரணக் கத்தியால் அழுத்தினால் கட்டுகள் நசுங்கி, மம்மி பிரிந்துவிடும்.