கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கு ஏர் சஸ்பென்ஷன் நல்லதா, சுருள்வில் சஸ்பென்ஷன் நல்லதா?

சஸ்பென்ஷன் என்பது சக்கரங்களுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் அமைப்பு; ஒரு வகையில் காற்று நிரம்பிய ரப்பர் பைகளும், மற்றதில் எஃகுச் சுருள்வில்களும் உடலைத் தாங்குகின்றன. ஒரே வண்டி இந்த இரண்டு வகை சஸ்பென்ஷனுடனும் விற்பனைக்கு இருக்கும்போது, தார்ச்சாலையை விட்டு இறங்கி ஓட்டப் போகிறவர் எதை எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்துடன் நெடுந்தூரம் செல்வதும் அவ்வப்போது டிரெய்லர் இழுப்பதும் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வகை வண்டிகளையும் பல ஆண்டுகள் சொந்தமாக வைத்து ஓட்டியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் சுமை அடிக்கடி பெரிய அளவில் கூடிக் குறையும், பழுதானால் அந்த வேலை தெரிந்த பணிமனை ஒரு நாள் தூரத்துக்குள் இருக்கும் என்றால் ஏர் சஸ்பென்ஷனைத் தயங்காமல் எடுக்கலாம். ஆள் நடமாட்டமில்லாத பகுதிகளுக்குள் பல நாள் பயணமாகப் போகிறவர் சுருள்வில்லையே எடுக்க வேண்டும். ஆனால் பொத்தானை அழுத்தினால் வண்டி உயர்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏர் சஸ்பென்ஷனை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த உயரத்துக்காக நாம் விட்டுக்கொடுப்பது என்ன என்பதை விற்பனையாளர்கள் பெரும்பாலும் விளக்குவதில்லை.

முதலில் சுமையை எடுத்துக்கொள்வோம். சுருள்வில்லின் விறைப்பு அது செய்யப்பட்ட கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றால் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. சக்கரத்தின் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் விறைப்புள்ள பின்புற வில்லின் மேல் கூடுதலாக 100 கிலோ ஏறினால், அந்தப் பக்கம் ஏறத்தாழ 33 மி.மீ. கீழே இறங்கும். பின்னிருக்கை நிறைய ஆட்கள், சாமான்கள், டிரெய்லரின் கொக்கியில் விழும் எடை என்று எல்லாம் சேர்ந்தால் வண்டியின் பின்புறம் கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்து, முன்புறம் தூக்கிக்கொண்டு, விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இதற்காகக் கடினமான வில்லைப் போட்டால், சுமையில்லாத நாள்களில் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு கல்லையும் உணர்வார்கள்.

காற்றுப்பை வேறு விதமாக வேலை செய்கிறது. அதன் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அது தாங்கும் பரப்பால் பெருக்கினால் கிடைப்பதே அது சுமக்கும் எடை. சுமை கூடினால் உயர சென்சார்கள் அதைக் கண்டுகொள்கின்றன. காற்றடைக்கும் கம்ப்ரஸர் அழுத்தத்தைக் கூட்டுகிறது. வண்டி பழைய உயரத்துக்குத் திரும்புகிறது. இதில் அழகான ஒரு விஷயம் உண்டு. அழுத்தம் கூடும்போது பையின் விறைப்பும் கூடவே கூடுவதால், காலி வண்டியும் நிறைந்த வண்டியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மேலும் கீழும் அசைகின்றன. சுருள்வில் வண்டியில் சுமை ஏற ஏற அந்த அசைவு மெதுவாகி, வண்டி மிதப்பது போலாகிவிடும். மேலும், சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் கடைசியில் எப்படி இறுகுகிறதோ, அதே போலக் காற்றுப்பையும் நசுங்க நசுங்க விறைப்பாகி, அடிவரை இடிப்பதைத் தள்ளிப்போடுகிறது. டிரெய்லர் இழுப்பவருக்கு இந்த இரண்டு குணங்களும் மெய்யான பயன் தருபவை, இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

இனி உயரத்துக்கு வருகிறேன், ஏனெனில் பெரும்பாலான தவறான எண்ணங்கள் இங்கேதான் இருக்கின்றன. இப்போதைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் ஏர் சஸ்பென்ஷன், வழக்கமான நிலையிலிருந்து 75 மி.மீ. உயர்கிறது, மிகக் கடினமான இடங்களில் மேலும் 70 மி.மீ. உயர்கிறது, ஏறி இறங்குவதற்காக 50 மி.மீ. தாழ்கிறது. நீரைக் கடக்கும் ஆழமும் 900 மி.மீ. என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் ஒரு சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தூரத்தை சஸ்பென்ஷன் கைகளின் நீளமும் வில்லின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரின் நீளமும் முன்பே வரையறுத்துவிடுகின்றன. வழக்கமான உயரத்தில் அந்தத் தூரத்தின் ஒரு பகுதி சக்கரம் மேலே ஏறுவதற்கும், மற்றொரு பகுதி பள்ளத்துக்குள் கீழே இறங்குவதற்கும் என்று பிரிந்திருக்கும். வண்டியை 75 மி.மீ. உயர்த்தும்போது சக்கரங்கள் ஏற்கெனவே 75 மி.மீ. கீழே இறங்கிய நிலையில் நிற்கின்றன. ஆகவே, பள்ளம் வரும்போது அவை இறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. உயர்த்திய நிலையில் வண்டி டக் டக்கென்று கடினமாக ஓடுவதாகப் பலர் சொல்வதற்குக் காரணம், ஷாக் அப்சார்பர் தன் நீட்சியின் எல்லையில் போய் இடிப்பதே.

இதனால் நடைமுறையில் விளைவது இது. நடுவில் பெரிய கல்லோ மண்மேடோ இருக்கும் இடத்தில், அல்லது ஓடையைக் கடக்கும்போது, உயர்த்திய நிலை மிகவும் உதவும். ஆனால் இடமும் வலமுமாக மாறி மாறிப் பள்ளங்கள் வரும் பாதையில், வண்டியின் அடிப்பகுதி தரையில் தட்டாது என்ற நிச்சயம் இருந்தால், வழக்கமான உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ ஓட்டுவதே நல்லது. அப்போது சக்கரங்கள் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். முழுதும் உயர்த்திய வண்டியில் ஒரு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும், அதன் பிறகு வெறுமனே சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் அடக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலையோ, இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டையோ நம்பித்தான் நகர வேண்டியிருக்கும். ஒவ்வொரு சக்கரமும் தனியாக மேலும் கீழும் நகரும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சக்கரங்களுக்குச் செல்லும் டிரைவ் ஷாஃப்டுகளின் கோணமும் உயரத்தோடு கூடுவதால், அந்த நிலையில் திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. எஞ்சினின் சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி சேசிஸுடன் பொருத்தப்பட்டிருக்கும் வண்டிகளில் உடலை உயர்த்தினால் அதுவும் கூடவே உயர்கிறது. முழு ஆக்சில் உள்ள வண்டியில், அதாவது இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டின் இரு முனைகளில் இருக்கும் வண்டியில், காற்றால் உயர்த்தினாலும் நீளமான சுருள்வில் போட்டு உயர்த்தினாலும் உயர்வது உடல் மட்டுமே. டிஃபரன்ஷியலின் அடிப்பாகம் தரையிலிருந்து இருக்கும் இடைவெளியைப் பெரிய டயர் ஒன்றுதான் கூட்டும். ஜீப் ராங்ளரும் சுஸுகி ஜிம்னியும் முன்னும் பின்னும் முழு ஆக்சிலும் சுருள்வில்லும் கொண்டவை. பாறைப் பாதைகளில் அவை பெற்றிருக்கும் பெயருக்கு, ஒரு சக்கரம் மேலே தள்ளப்படும்போது அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது என்ற எளிய இயக்கவியலே பெரிய காரணம். தனித்தனி சஸ்பென்ஷனில் இது இயல்பாக நடக்காது. 2004-இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-இன் ஏர் சஸ்பென்ஷனில் இடது, வலது காற்றுப்பைகளை வால்வுகள் வழியாக ஒன்றோடொன்று இணைத்து, ஒரு பக்கம் நசுங்கும்போது அங்கிருக்கும் காற்று மறுபக்கத்துக்குப் போய் அந்தச் சக்கரத்தைக் கீழே தள்ளும்படி செய்தார்கள். பொறியியலில் எனக்கு மிகவும் மரியாதை உள்ள தீர்வுகளில் அதுவும் ஒன்று. நீங்கள் பார்க்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் இப்படிப்பட்ட இணைப்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெளிநெளியான மண்சாலையில் எது சுகம் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அங்கே தீர்மானிப்பது ஷாக் அப்சார்பரும் டயரின் காற்றழுத்தமும். தொடர்ந்து அதிரும்போது ஷாக் அப்சார்பரின் எண்ணெய் சூடாகி நுரைத்துத் தன் பிடியை இழக்கிறது, அப்போது மேலே இருப்பது காற்றா கம்பியா என்பதில் பெரிய வேறுபாடு தெரியாது. வில்லைக் குறைசொல்லி மாற்றிய பிறகும் வண்டி துள்ளுகிறது என்று வருந்துபவர்கள் பலர். அவர்கள் முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றியிருக்க வேண்டும்.

பழுது என்று வரும்போது இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம். சுருள்வில் தளர்ந்து சற்றுத் தாழும், துருப்பிடித்த இடத்தில் களைப்புற்றுச் சில நேரம் முறியும். முறிவு பெரும்பாலும் கடைசிச் சுற்றில் நிகழ்வதால், முறிந்த முனை டயரையோ பிரேக் ஹோஸையோ தொடவில்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேர்ந்துவிடலாம். ஏர் சஸ்பென்ஷனில் பையின் ரப்பர் மடிப்பில் வெடிப்பு, மடிப்புக்குள் சிக்கிய மணலும் சேறும் அரைத்து உண்டாக்கும் தேய்மானம், குழாய் இணைப்புகளின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் கசிவு, உயர சென்சாரின் சிறிய கை கல்லில் பட்டு ஒடிதல், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியில் ஈரம் நிறைந்து வால்வுகளுக்குள் போதல் என்று பழுதுக்குப் பல வாசல்கள் உண்டு. இவற்றில் மிகவும் நயவஞ்சகமானது சிறு கசிவு. கசியும் காற்றை ஈடுசெய்ய கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, ஒரு நாள் அதுவே எரிந்துபோகிறது. மலிவான ஓ-ரிங்கில் தொடங்கிய கோளாறு விலையுயர்ந்த பாகத்தில் முடிகிறது. முன்பு நான் வைத்திருந்த ஏர் சஸ்பென்ஷன் வண்டியில், சேற்றுப்பாதைப் பயணம் ஒன்றுக்குப் பிறகு பின் இடது பை இப்படிக் கசியத் தொடங்கியது. சீக்கிரம் கண்டுகொண்டதால் கம்ப்ரஸர் தப்பியது. அன்றிலிருந்து சேற்றில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் பைகளின் மடிப்புகளைக் குழாய்த் தண்ணீரால் கழுவுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

காற்று முழுதும் இறங்கிவிட்டால் வண்டி அடிவரை இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர்களின் மேல் உட்கார்ந்துவிடும். நகர முடியும், ஆனால் நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில்தான். கற்பாதையில் அது வண்டியின் உடலையும் உங்கள் முதுகையும் ஒருசேரத் தண்டிக்கும். ஆகவே, ஏர் சஸ்பென்ஷனோடு தொலைதூரம் போகிறவர்கள் பலர், காற்றுக்குழாயில் டயருக்கு இருப்பது போன்ற வால்வுகளைத் தனியாகப் பொருத்தி, கையிலிருக்கும் கம்ப்ரஸரால் பைகளில் நேரடியாகக் காற்றடைக்க வழி செய்துகொள்கிறார்கள். நீங்கள் ஏர் சஸ்பென்ஷனை எடுத்தால் இதைச் செய்யாமல் நெடும்பயணம் போகாதீர்கள். சக்கரம் மாற்ற ஜாக்கி போடும் முன் தானியங்கி உயரச் சரிசெய்தலை நிறுத்திவைப்பதும், காற்றுப்பையை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாமல் இருப்பதும் உயிர் தொடர்பானவை.

இதையெல்லாம் படித்துவிட்டுக் காற்றுப்பையே உறுதியற்றது என்று எண்ண வேண்டாம். பல பேருந்துகளும் கனரக லாரிகளும் நெடுங்காலமாகக் காற்றின் மேல்தான் ஓடுகின்றன. அவற்றில் பிரேக்குக்காக எஞ்சினால் இயங்கும் வலுவான கம்ப்ரஸர் எப்போதும் இருக்கிறது, பல வண்டிகளில் உயரத்தை ஒரு எளிய இயந்திர வால்வே கவனித்துக்கொள்கிறது. சிறிய வண்டிகளில் இடைவிட்டு ஓடும் சிறிய மின் கம்ப்ரஸரும் பல சென்சார்களும் ஒரு கணினியும் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருப்பதே பலவீனம். 1970-இல் சுருள்வில்லோடு வந்து மற்ற ஜீப் வகை வண்டிகளின் இலைவில்லுக்கு (அடுக்கிய எஃகுப் பட்டைகளால் ஆன வில்) முன்னால் சுகத்தின் அளவுகோலாக விளங்கிய ரேஞ்ச் ரோவர், 1992-இல் ஏர் சஸ்பென்ஷனைப் பெற்றது. 1994-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறை வண்டிகள் பழையதானபோது, காற்றை எடுத்துவிட்டுச் சுருள்வில் பொருத்துவதற்கான தொகுப்புகளுக்குத் தனிச் சந்தையே உருவானது. மறுபுறம், நன்றாகப் பராமரிக்கப்பட்ட அதே வண்டிகளைக் காற்றோடு இன்றும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். வயதும் கவனிப்பும்தான் இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

உங்கள் நிலைமைக்கு வந்தால், சுமை மாறுவதும் டிரெய்லரும் ஏர் சஸ்பென்ஷன் பக்கம் இழுக்கின்றன. உங்கள் பயணங்கள் ஓரிரு நாளில் தார்ச்சாலைக்குத் திரும்புபவை என்றால் அதையே எடுங்கள். வாரக்கணக்கில் உள்ளே போகிறவர் என்றால் சுருள்வில் வண்டியை எடுத்து, பின்புற வில்லின் உள்ளே பொருத்தும் சிறிய துணைக் காற்றுப்பைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். டயர் போலவே வால்வு வழியாகக் காற்றடைக்கும் அவை டிரெய்லர் கட்டும் நாளில் பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்கும், கசிந்தாலும் முக்கிய வில் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அவை வண்டி சுமக்கலாம் என்று உற்பத்தியாளர் குறித்த எடையைக் கூட்டுவதில்லை. சுருள்வில்லோடு வந்த வண்டியை முழு ஏர் சஸ்பென்ஷனாக மாற்றும் யோசனை இருந்தால் அதைக் கைவிடுங்கள். தொழிற்சாலை செய்யும் அளவுக்குச் சென்சாரையும் கணினியையும் ஒத்திசையச் செய்வது வெளிப் பணிமனைகளுக்கு எளிதில்லை.

பழைய வண்டியாக வாங்குவதானால், சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொண்டு, மறுநாள் காலை எஞ்சினை இயக்கும் முன் மீண்டும் அளந்து பாருங்கள். இரவுக் குளிரில் காற்று சுருங்குவதால் நான்கும் ஒரே அளவில் சிறிது தாழ்ந்திருந்தால் கவலை இல்லை. ஒரு மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று பொருள். பிறகு எஞ்சினை இயக்கித் தாழ்ந்த நிலையிலிருந்து முழு உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். வண்டி தயங்கித் தயங்கி ஏறினாலோ, பாதியில் நின்று எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, கம்ப்ரஸருக்கும் உலர்த்திக்கும் ஆகும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.