எட்டாம் இலக்கச் சப்பாத்து ஏன் கடிக்கிறது?

கேள்வி: வயது 54, வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஆறு மாதமாகப் பொரளையில் கோல்ப் பழகுகிறேன், வலது கைக்காரன். டொரன்டோவில் உள்ள மகன் விலை கூடிய கோல்ப் சப்பாத்து ஒரு சோடி அனுப்பினான். நான் வழக்கமாகப் போடும் எட்டாம் இலக்கம்தான். ஆனால் இடது சின்னவிரலில் கொப்புளம் போடுகிறது, வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. போடப் போடத் தளரும் என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா? கொஞ்சம் சீனி வருத்தமும் உண்டு.

பதில்: பொறுக்க வேண்டாம். அந்தச் சோடியை இன்றே ஓரமாக வையுங்கள். நகத்தையும் கொப்புளத்தையும் இந்த வாரமே உங்கள் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குச் சிறிய கொப்புளமும் சிறிய விஷயமல்ல.

இனி இலக்கத்துக்கு வருவோம். கொழும்புக் கடைகளில் நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் பிரித்தானிய அளவு. கனடாவில் விற்பது அமெரிக்க அளவு. ஆண்களுக்கான அமெரிக்க எட்டு, அநேக கம்பனிகளில் நமது ஏழு, சிலவற்றில் ஏழரை. ஒரு இலக்கத்துக்கு ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர் வித்தியாசம். மகன் அன்போடு அனுப்பியது, அநேகமாக ஒரு இலக்கம் சிறிய சப்பாத்து.

காயங்கள் இருக்கும் இடமும் அதையே சொல்கிறது. வலது கைக்காரர் பந்தை அடித்து உடலைத் திருப்பும்போது பாரம் முழுவதும் இடது காலுக்கு வந்து, பாதம் வெளிவிளிம்பில் சாய்கிறது. ஒடுக்கமான சப்பாத்தின் சுவர் அந்த நேரத்தில் சின்னவிரலை நசுக்கும். வலது காலோ குதி உயர்ந்து விரல்நுனியில் நிற்கும். நீளம் போதாவிட்டால் பெருவிரல் முன்சுவரில் குத்தும். இதற்கு மேல் 18 குழிகளையும் நடந்தே ஆடினால் 8 முதல் 10 கிலோமீற்றர் வரை நடை. அலுவலகச் சப்பாத்தில் தெரியாத குறை இங்கே தெரிந்துவிடும்.

நீளத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பகுதி அகலம். அகலம் போதாதென்று பெரிய இலக்கம் வாங்கினால் குதி கழன்று கழன்று வரும், கொப்புளம் பின்னுக்கு இடம் மாறும். பெட்டியில் இலக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: ஆண்களுக்கு 'டி' என்றால் சாதாரண அகலம், இரட்டை 'ஈ' என்றால் கூடிய அகலம்.

சீனி வருத்தம் பாதத்தின் உணர்வை மெல்ல மெல்ல மழுக்கிவிடும். ஆகவே 'போட்டுப் பார்த்தேன், சுகமாக இருந்தது' என்பதை உங்கள் விடயத்தில் நான் நம்பமாட்டேன். பென்சிலை நம்புகிறேன். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், விளையாடும்போது போடும் அதே மேசோடு, கடதாசி ஒன்றின் மேல் பாரத்தை ஊன்றி நில்லுங்கள். இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிவரக் கோடு இழுக்கட்டும். குனிந்து நீங்களே வரைந்தால் பாரம் மாறி அளவு பிழைக்கும். இரண்டு பாதங்களையும் வரையுங்கள். ஒன்று பெரிதாக இருந்தால் அதற்குத்தான் சப்பாத்து.

கடையில் சப்பாத்துக்குள் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து, அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். கோடு எங்காவது மெத்தைக்கு வெளியே வந்தால் அந்தச் சோடியைத் திருப்பிக் கொடுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். சிலருக்கு நீளமானது இரண்டாம் விரல், கவனியுங்கள். பிறகு நாடாவைக் கட்டி, வெறுங்கையால் இரண்டு முறை வீசிப் பாருங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். 'போடப் போடத் தளரும்' என்பது ஓரளவுக்குத் தோலுக்குப் பொருந்தும். இன்று வரும் செயற்கைப் பொருட்கள் தளர்வதில்லை, உங்கள் கால்தான் தேயும்.

பிற்பகல் மழைக்குப் பின் புல் வழுக்கும் நம் ஊரில், அடிப்பாகத்தில் கழற்றி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் முள் உள்ளதையே நான் சொல்வேன். நீர்புகாத வகை மழையைத் தடுப்பதோடு வியர்வையையும் உள்ளே பிடித்து வைக்கும். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக் கடதாசியைத் திணித்து நிழலில் காயவிடுங்கள், கார் டிக்கிக்குள் பூட்டி வைக்காதீர்கள். பழைய சோடியைப் பத்திரப்படுத்துவதும் வீண். நான்கு வருடம் அலுமாரியில் கிடந்த என்னுடையதைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் குழிக்கு முன்பே அடிப்பாகம் துண்டு துண்டாகப் புல்லில் உதிர்ந்தது. சில அடிப்பாகங்களில் உள்ள பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள் ஈரப்பதனில் சிதைந்துவிடும்.

பொரளையில் உள்ள றோயல் கொழும்பு கோல்ப் திடலை ஊடறுத்துக் களனிவெளி ரயில் போகிறதல்லவா? அங்கே ஆடும் நாளில் அதற்காக நிற்கும் இரண்டு நிமிடத்தில் நாடாவை அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள். அதற்குள் கால் வீங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் கால்மேசுகளைக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று விரலிடுக்கு உட்பட வெளிச்சத்தில் பாருங்கள்.

மகனிடம் இலக்கம் சொல்லாதீர்கள். அந்தக் கோட்டின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீற்றரில் அளந்து அனுப்புங்கள்.