பண்பலை டைபோல் ஆன்டெனா: மொட்டை மாடியிலும் இரைச்சல் ஏன்?

டைபோல் என்பது நடுவில் கேபிள் இணையும், இரண்டு பக்கமும் கைபோல் நீளும் இரண்டு கம்பிகள். 98 மெகாஹெர்ட்ஸ் நிலையத்துக்காக ஒவ்வொரு கம்பியையும் 146 செ.மீ. வெட்டி, இரும்புக் கைப்பிடிச் சுவரில் கட்டியும் இரைச்சல்தான் வருகிறது என்கிறீர்கள். கணக்கு சரிதான், 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் 1.46 வரும். ஆனால் அது இரண்டு கைகளும் சேர்ந்த நீளம். ஒரு கைக்கு 73 செ.மீ. போதும். இப்போதுள்ள நீளத்தில் நடுவில் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கான தடை, ஓமில் அளப்பது) எக்கச்சக்கமாக ஏறிவிடும், 75 ஓம் கேபிளோடு ஒத்துப்போகாது. தைரியமாகப் பாதியாக வெட்டுங்கள்.

அப்புறம் அந்த இரும்பை விட்டு விலக்குங்கள். பிவிசி குழாயிலோ காய்ந்த மூங்கிலிலோ ஒன்றரை மீட்டராவது மேலே தூக்கினால் நல்லது. கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கு, அதைச் சுற்றியுள்ள உலோக வலை மறு கைக்கு. இணைப்புக்குக் கீழேயே கேபிளை ஐந்தாறு சுற்று உள்ளங்கை அகலத்தில் சுருட்டிக் கட்டினால், கேபிள் வழியாக ஏறும் இரைச்சல் குறையும். இணைப்பில் தண்ணீர் புகாதபடி டேப் சுற்றுங்கள்.

படுக்கையாக, நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக வைத்துப் பாருங்கள். பிறகு நிமிர்த்திப் பாருங்கள். எது தெளிவோ அதுவே சரி.

கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியில் படாத இடமாகப் பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் ஆன்டெனா பக்கமே போகாதீர்கள்.